சாமிக்கு ஒரு டிரங்க் கால்

அழ வேண்டிய இடத்தை நான் மலேசியாவில், ஈப்போவிலேயே முடிவு செய்துவிட்டேன். கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தாத்தா பிறந்த மண்ணில் கால் பட்டதும் முதல் சொட்டு. பல்கலைக்கழகத்தில் நான் படித்துத் தள்ளிய புலம்பெயர்ந்தோர் குடும்ப நாவல்கள் எல்லாம் அப்படித்தான் முடிந்தன. முதல் தலைமுறை கப்பலேறி வியர்வை சிந்தும். இரண்டாம் தலைமுறை வாயே திறக்காது. மூன்றாம் தலைமுறை நன்றாகப் படித்துவிட்டு விமானத்தில் வந்து, வறண்ட வயலில் மண்டி போட்டுக் கதறும். மூன்றாம் தலைமுறை நான்தான். எனக்கும் ஒரு நாவல் எழுதும் உத்தேசம் இருந்தது. கப்பல் அத்தியாயம் தயார், வியர்வை தயார். கண்ணீர் மட்டும் பாக்கி.

தாத்தா கொடுத்து அனுப்பிய வேலை சின்னது. "நம்ம வீடு இருக்குதான்னு பாத்துட்டு வா. என் தம்பி பொன்னுசாமி இருந்தா பாரு. அவன் பழசு எதுனா கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு." என்ன பழசு என்று கேட்டேன். டிவியில் மல்யுத்தம் ஆரம்பித்துவிட்டது. ஊரை விட்டு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மனுஷன் ஒரு கடுதாசி போட்டதில்லை. பணக்காரன் ஆனதும் எழுதலாம் என்று இருந்தாராம். அப்புறம் ஆகவே இல்லையாம்.

முதல் நாள் திருவண்ணாமலையில் தங்கினேன். செங்கம் ரோட்டில் ரூம். அங்கே ஒரு வேடிக்கை. டீக்கடைக்காரர் வேட்டி கட்டிய வெள்ளைக்காரரிடம், "சாமி, டீ ஆறுது, எடுத்துக்கோங்க" என்று தமிழில் பேசினார். ஜீன்ஸ் போட்ட என்னிடம், "எஸ் மேடம், காபி வாண்ட்?" என்றார். நான், "ஒரு காபி குடுங்க அண்ணே, சக்கரை தூக்கலா" என்றதும் பாய்லர் குழாயைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "தமிழு பேசுது!" என்று பக்கத்துக் கடைக்குச் செய்தி போனது.

அந்த வெள்ளைக்காரர் ஜெர்மனி. என் பெஞ்சிலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டார்: "நீயும் உன்னைத் தேடித்தான் வந்தாயா?"

"இல்லை. என் சின்னத் தாத்தாவைத் தேடி வந்தேன்."

"அவர் குருவா?"

"மல்லாட்டை போடுகிற விவசாயி." நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். தாத்தாவின் புண்ணியத்தில் எனக்கும் அதுதான்.

அவர் கண்ணை மூடி, "உண்மையான குரு அப்படித்தான் இருப்பார்" என்றார். இவரிடம் ஜெயிக்க முடியாது. காபியைக் குடித்தேன். ஈப்போ காபி கறுப்பாக, கெட்டிப் பால் அடியில் தங்கி, கரண்டி போட்டுக் கலக்கினால்தான் குடிக்கலாம். இங்கே காபி கைக்கு வருவதற்குள் ஒரு முழம் ஆகாயத்தில் பயணம் செய்துவிடுகிறது. எனக்கு அடுத்த நாள்தான் பயணம்.

பஸ்ஸில் பாதி ஜனம், பாதி மூட்டை. கண்டக்டர், "ஏம்மா பேண்ட்டு! உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் கெடக்குது பாரு" என்று கூவினார். நடுவில் கிடந்தது ஒரு ஆடு. வழியில் வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நாவலுக்காக ரசித்துக்கொண்டிருந்தபோது, மடியில் கோழி வைத்திருந்த அம்மா கேட்டாள்: "இன்னா பாப்பா, காலேஜுல தள்றதுக்குச் சொல்லித் தரலயா? ஆம்பள மாதிரி டவுசர் மட்டும் மாட்டிக்கினா ஆச்சா?" பஸ்ஸே சிரித்தது. இறங்கித் தள்ளினேன். எஞ்சின் உயிர் பெற்று என் முகத்தில் ஒரு வாளி புகை கக்கியது.

கீழ்பென்னாத்தூரில் இறங்கினேன். மண்ணில் கால் படவில்லை. சாணியில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு டீசல்தான் காரணம். அழுகை நிகழ்ச்சி ரத்து.

வீடு ஊருக்கு வெளியே, கடலைக் கொல்லை ஓரத்தில் இருந்தது. ஓட்டு வீடு. வாசலில் மல்லாட்டை காயப் போட்டிருந்தது. அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் தாத்தாவின் காது, அதே அளவு, அதே விரிப்பு. ஆட்டோ கதவு இரண்டு பக்கமும் திறந்து கிடப்பது மாதிரி.

"நான் மாணிக்கத்தோட பேத்தி, மாலா. மலேசியாவுல இருந்து வரேன்."

சின்னத் தாத்தா கிளறுவதை நிறுத்தினார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் காதைப் பார்த்தார். "ஐயோ, அதே காது! எங்கண்ணன் வம்சம் இருக்குதா? கஸ்தூரி, ஓடியா! கப்பல்சாமி பேத்தி வந்துகிது!"

கப்பல்சாமி? நான் யோசிப்பதற்குள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். சாமி அறைச் சுவரில் சதுரமாக மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. எதிரே ஒரு பலகை. அதில் மடிப்புக் கலையாத வேட்டி, ஒரு கட்டுச் சுருட்டு, கருவாட்டுக் குழம்பு ஒரு கிண்ணம்.

"விழுந்து கும்பிடு பாப்பா. உங்க தாத்தாதான். ஜப்பான் சண்டையில, சயாம்ல தண்டவாளம் போடச்சொல்ல செத்துட்டான்னு, அங்கேர்ந்து திரும்பி வந்த ஆளு சொன்னான். காரியம் பண்ணி நான் மொட்ட போட்டேன். அன்னிலேர்ந்து நம்ம வீட்டுச் சாமி அவன்தான். கொல்லக் கெணறு ஒரு வருஷமும் வத்தல."

நான் விழுந்தேன். வேறென்ன செய்வது? போன வாரம் பல் வலிக்கு ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு என் மேல் எரிந்து விழுந்த மனுஷனை, ஒரு சுவரில் பார்த்து சாஷ்டாங்கமாகக் கும்பிட்டேன். சுருட்டு வாசனையே ஆகாது அவருக்கு. கருவாடு பொரிக்கும் வீட்டுப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார்.

அன்று சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் சாமிக்குப் படைத்த அதே கருவாட்டுக் குழம்பும். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் வளர்ந்த நாக்கு முதல் வாயில் மிரண்டது, மூன்றாவதில் சரணடைந்தது. சின்னத் தாத்தா அண்ணன் கதையைச் சொன்னார். ஜப்பான்காரன் ஒருத்தன் கூலிக்காரனைக் குத்த வந்தபோது அண்ணன் குறுக்கே போய் நெஞ்சைக் காட்டினாராம். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லும்போது ஜப்பான்காரர்கள் நாலு பேர் ஆகிவிட்டார்கள். நான் கேட்டு வளர்ந்த கதையில் தாத்தா ஜப்பான் காலம் முழுக்க ஒரு ரப்பர் எஸ்டேட்டில் ஒளிந்து மரவள்ளிக் கிழங்கு தின்று பிழைத்தவர். நாவல் எழுத நான் ஒருத்திதான் கிளம்பியிருக்கிறேன் என்று நினைத்தது எவ்வளவு பெரிய தலைக்கனம்!

கஸ்தூரி சின்னத் தாத்தாவின் கடைசி மகள். மனைவி போய், மூத்த பெண்கள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். என்னைவிட ஒரு வயசுதான் பெரியவள், முறைக்கு எனக்கு அத்தை. மறுநாள் காலை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே விஷயத்தை அவளிடம் உடைத்தேன்.

"அத்தை, ஒரு சின்ன சிக்கல். உங்க சாமி உயிரோட இருக்காரு."

"இன்னாது?"

"ஈப்போவுல. ரொட்டி சானாய் தின்னுக்கிட்டு இருக்காரு."

கஸ்தூரி துணியைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டாள். சிரிக்க ஆரம்பித்தவள் அடக்க முடியாமல் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சட்டென்று முகம் மாறியது. "மாலா, வெள்ளிக்கெழம என் தலவிதியே அந்தாளு கையிலதான்டி இருக்குது!"

கதை இதுதான். அவளுக்கு மேலத்தெரு செல்வத்தைப் பிடித்திருக்கிறது. திருவண்ணாமலை டவுனில் தேரடிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். முறையும் சரி, அவன் வீட்டிலும் சம்மதம். ஆனால் அவன் தாத்தா சடையன் மேல் இவர்கள் வீட்டுக்கு ஒரு பழைய வழக்கு. கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தைக்கு எங்கள் தாத்தாவும் சடையனும் இந்த வீட்டு மயிலைக் காளையை ஓட்டிப் போனார்கள். திரும்பி வந்தது ஆட்கள் மட்டும். கயிறு சடையன் கையில் இருந்தபோது காளை காணாமல் போனதாக எங்கள் தாத்தா சொன்னார். அந்த அவமானம் தாங்காமல்தான் அவர் கப்பலேறினார் என்பது வீட்டு வரலாறு. அன்று முதல் அது மாட்டுக்கள்ளன் வீடு, பேச்சு வார்த்தை கிடையாது.

கஸ்தூரி பட்டினி கிடந்ததும் சின்னத் தாத்தா ஒரு படி இறங்கி வந்தார். சாமி உத்தரவு கொடுத்தால் கல்யாணம் என்றார். மஞ்சள் சுவரில் வலது பக்கம் ஒரு பூ, இடது பக்கம் ஒரு பூ ஈரத்தோடு ஒட்ட வேண்டும். வலது பூ முதலில் விழுந்தால் சரி. இடது விழுந்தால் வேண்டாம். மூன்று முறை கேட்கலாம். இரண்டு முறை இடதுதான் விழுந்திருக்கிறது.

"அது ஒண்ணும் சாமி இல்லடி. எடது பக்கம் ஓடு ஒழுகி செவுரு ஊறிப் போய்கிது. ராஜகுமாரனையே கூட்டியாந்தாலும் எடதுதான் விழும். அக்காங்களுக்குக் கேக்கச்சொல்ல ஓடு நல்லா இருந்துச்சு."

"அப்ப ஓட்டை மாத்தச் சொல்லு!"

"சாமி மேல கொறை சொல்றியான்னு அடிக்க வராரு." ஈரக் கையால் என் தோளைப் பிடித்தாள். "நீ சொல்லிடு. சாமியே உயிரோட கீதுன்னா பூ எதுக்கு? வாயத் தொறந்து கேட்டுட்டுப் போறோம்."

நாற்பது வருஷமாக ஒருவர் கும்பிடும் சாமியை நான் எப்படிக் கொல்வது? கொல்வதா, உயிர்ப்பிப்பதா? எந்த நாவலிலும் இந்த அத்தியாயம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சின்னத் தாத்தா தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு இரண்டு அரளிப் பூவைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் ஒட்டினார். "சாமி, இது மூணாந்தடவ. உன் வாக்குதான் எங்களுக்கு." இடது பூ அப்போதே வழுக்க ஆரம்பித்தது. கஸ்தூரி என் இடுப்பைக் கிள்ளினாள். கிள்ளு என்றால் சாதாரணக் கிள்ளு இல்லை.

"தாத்தா சாகல!" என்று அலறினேன். "உயிரோடதான் இருக்காரு! அவருதான் என்னை அனுப்பினாரு!"

சின்னத் தாத்தா திரும்பினார். இரண்டு பூவும் விழுந்தன. எது முதலில் விழுந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கஸ்தூரி இரண்டையும் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப இத்தினி வருஷமா படையல யாரு துன்னது?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

"நாமதான் துன்னோம்" என்றாள் கஸ்தூரி.

அவர் என்னை நம்பவில்லை. பையிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டினேன். பினாங்கு பறவைப் பூங்காவில், பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு, தலையில் ஒரு கிளியை உட்கார வைத்துக்கொண்டு தாத்தா. சின்னத் தாத்தா வெளிச்சத்துக்குப் போனார். கிளியைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்க்கவில்லை. விரலால் காதை மட்டும் தடவினார். "பல்லு போயிடுச்சா இவனுக்கு?" என்றார்.

"பாதி போயிடுச்சு தாத்தா."

"பேசணும். நேரா அவன் கையில உத்தரவு கேக்கணும். இவன் சரின்னா சரி. வேணான்னா வேணாம். மூணாந்தடவ மூணாந்தடவதான்." கஸ்தூரி முகம் சுண்டிப்போனது. சாமிக்குப் பதில் ஆசாமி வந்தாலும் அவள் கதி அதே கயிற்றில்தான் தொங்கியது.

டவுனுக்குப் போகும் பஸ் அன்று வரவில்லை. மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரியில் இடம் கிடைத்தது. மூட்டை உச்சியில் மூன்று பேர். சின்னத் தாத்தா மடியில் ஒரு தாம்பாளம், அதில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம். ஒவ்வொரு பள்ளத்திலும் தேங்காய் எகிறும், நான் பிடிப்பேன். ஈப்போவில் கிரிக்கெட் ஆடாதது அன்று எனக்குக் கஷ்டமாக இருந்தது.

டெலிபோன் ஆபீஸில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். மெட்ராஸ் கிடைத்தால் கோலாலம்பூர் கிடைக்காது, அது கிடைத்தால் இது போய்விடும். ஈப்போ வீட்டிலிருந்து ஒரு தெரு தள்ளி இருக்கும் தோழிக்கு நான் போன் செய்து அரை நாள் வம்படிப்பது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. அவித்த மல்லாட்டை வாங்கி மூவரும் உரித்துத் தின்றோம். கடைசியில் ஆபரேட்டர் கூப்பிட்டார்: "ஈப்போ, மூணு நிமிஷம், சீக்கிரம் பேசுங்க! பெரியவரே, பெரியவரே, இங்கல்லாம் கற்பூரம் ஏத்தக் கூடாது!"

"சாமிகிட்ட பேசறேன்யா!"

"யாராயிருந்தாலும் வெளிய ஏத்துங்க!"

ரிசீவரை நான் அவர் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் தாத்தா கத்தியது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "ஹலோ! யாரு?"

சின்னத் தாத்தா தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அண்ணா... நான் பொன்னு."

கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தாத்தா: "பொன்னா? டேய்! இன்னும் அந்தக் காளையப் பத்திக் கேக்கவா போன் போட்ட?"

"காளையா?"

"வித்தேன், ஆமா வித்தேன்! சந்தையில வித்துத்தான் கப்பல் டிக்கெட் எடுத்தேன். அதுல உனக்குப் பச்சைக் கலர்ல சட்டை எடுத்துக் குடுத்தேனே, அப்பவே உனக்குப் புரியலயா?"

கஸ்தூரி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்தது. சின்னத் தாத்தா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதையே முறைத்துப் பார்த்தார்.

"டேய்! சடையன் எடுத்தான்னு சொன்னியேடா!"

"அப்பா கட்டையத் தூக்கினாரு. எதுனா சொல்லணுமில்ல?"

"அந்தச் சட்டையப் போட்டுக்கினுதான்டா உனக்குக் காரியமே பண்ணேன்! உனக்கு மொட்ட போட்டேன்டா! பொட்டு வெச்சி கும்பிட்டேன்டா உன்ன!"

"என்னைக் கும்பிட்டியா? எதுக்கு?"

பின்னால் ஆபரேட்டர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். கஸ்தூரி, "அப்பா, உத்தரவு! உத்தரவு கேளு!" என்று குதித்தாள். சின்னத் தாத்தா வாயைத் திறந்தார். வந்தது வேறு. "பல்லு வலிக்குதாடா?" என்று கேட்டார்.

"ஆமாண்டா. ரொம்ப..." லைன் அறுந்தது.

தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சின்னத் தாத்தா வெளியே போனார். தெருவைக் கடந்தார். நேராகத் தேரடிப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். கஸ்தூரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போச்சுடி. கேக்கவே இல்ல. அவன அடிக்கத்தான் போறாரு."

ரேடியோ கடையில் செல்வம் ஒரு பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான். கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் நழுவி அவன் காலிலேயே விழுந்தது. கத்தாமல் நின்றான். நல்ல பையன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

சின்னத் தாத்தா தொண்டையைச் செருமினார். "உங்க தாத்தன் மாட்டத் திருடல."

"அது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியுமே மாமா" என்றான் செல்வம்.

தெருவில் போன சைக்கிள்காரன்கூட நின்று சிரித்தான். சின்னத் தாத்தா தலையைக் குனிந்துகொண்டு கடைப் படியில் உட்கார்ந்தார். செல்வம் ஓடிப் போய் சோடா வாங்கி வந்தான். பாதி குடித்த பிறகு கஸ்தூரி மெதுவாகக் கேட்டாள்: "உத்தரவு கேக்கலயேப்பா. மறுபடி கால் போடலாமா?"

"எதுக்கு?" என்றார். "சாமிகிட்டதான் உத்தரவு கேப்பாங்க. உயிரோட கீறவனுக்குப் பத்திரிகை வெச்சா போதும்."

கஸ்தூரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. செல்வத்துக்கு உடனே புரிந்துவிட்டது. மீதி சோடாவை அவனே குடித்துவிட்டான்.

மறு வாரம், நான் கிளம்புவதற்கு முன், டவுனில் ஒரு அச்சகத்துக்குப் போனோம். மூத்த பெண்களின் கல்யாணப் பத்திரிகையும் அங்கே அடித்ததுதான். அச்சுக் கோர்க்கிறவர் பழக்க தோஷத்தில் அதே மாதிரி கோர்த்துவிட்டார். புரூஃப் ஈர மையோடு வந்தது. 'காலஞ்சென்ற மாணிக்கம் அவர்களின் நல்லாசியுடன்' என்று முதல் வரி.

சின்னத் தாத்தா விரலை வைத்தார். "இத எடு."

"எத?"

"காலஞ்சென்றத."

"ஏன் பெரியவரே, திரும்பி வந்துட்டாரா?"

"போன்ல வந்தான்."

அச்சுக் கோர்க்கிறவர் இடுக்கியை எடுத்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். சின்னத் தாத்தா குனிந்து, ஒவ்வொன்றும் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி எழுத்து வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா, மொதப் பத்திரிகை உங்க தாத்தனுக்கு. மஞ்ச தடவித் தரேன், கையோட எடுத்துக்கினு போ. கல்யாணத்துக்கு அவன் வந்தே ஆகணும். வரலன்னா அந்த வார்த்தைய மறுபடி சேக்கச் சொல்லிடுவேன்னு சொல்லு."

பிடுங்கிய எழுத்துகளைப் பெட்டியில் போடப் போன அச்சுக் கோர்ப்பவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்தார்.